மூன்றாவது குழாய்

படிக்காதவர்கள் பயந்தால் அதற்குப் பேய் என்று பெயர். படித்தவர்கள் பயந்தால் அதற்கு நோட்டில் நாற்பது பக்கக் குறிப்பு, கலர் பேனாவில் ஒரு வரைபடம், ஓரத்தில் மூன்று கேள்விக்குறிகள். மற்றபடி பயம் ஒன்றுதான். இதை நான் கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்லலாம். உயிர்வேதியியலில் முதுகலைப் பட்டமும், முக்கால்வாசி முடிந்த முனைவர் பட்டமும் கையில் இருந்தபோதுதான் எனக்குப் பேய் பிடித்தது. பிடித்த இடம் சுடுகாடு இல்லை, புளியமரம் இல்லை. சுண்டுவிரல் உயரத்தில் பாதிகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய்.

என் மகள் மகிழுக்கு எட்டு மாதம் ஆனபோது மகப்பேறு விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பினேன். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். ஆய்வகம் பல்லாவரத்தில், மலையைப் பார்த்த மாதிரி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் நிற்கும் குழாய்கள் ஒன்றோடொன்று ரகசியம் பேசுவதுபோல் கிடுகிடுக்கும். நாலு வருடமாகக் கேட்ட சத்தம்தான். திரும்பி வந்த வாரம் மட்டும் அது என் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது. (தூக்கம் கிடையாது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கும் குழந்தை உள்ள வீட்டில் குக்கர் விசில்கூட பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.)

வந்த முதல் நாளே என் கைடு கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் கெட்ட செய்தியை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்.

"நித்யா, ஆறு வாரத்துல கமிட்டி. உங்க ரெஜிஸ்ட்ரேஷன் பீரியட் முடிஞ்சாச்சு. அந்த மூணு குழாய் எக்ஸ்பெரிமென்ட்டை அவங்க முன்னாடி சுத்தமா காட்டினா ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்க. இல்லன்னா கேன்சல். குழந்தை நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா சார்" என்றேன். நாலு வருடம் ஆறு வாரத்தில் தொங்கியது.

அந்த மூன்று குழாய்கள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

நம் உடலில் ஆர்.என்.ஏ. என்று ஒரு சமாசாரம் உண்டு. மரபணு என்ற பெரிய புத்தகத்திலிருந்து அவசரத்துக்கு நகலெடுத்த துண்டுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை எழுத ஒரு நொதி, வேலை முடிந்ததும் கிழித்துப் போட இன்னொரு நொதி. எழுதுகிறவரும் கிழிக்கிறவரும் ஜென்ம விரோதிகள். ஆனால் இருவருக்கும் ஒரே பலவீனம்: மக்னீசியம். உப்புநீரில் கரைந்திருக்கும் அந்தப் பொடி அயனி இரண்டு வந்து மடியில் உட்கார்ந்தால்தான் கை அசையும். மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு கொடுத்தால் எழுதுகிறவர் ஒரு குவார்ட்டர் போட்டவர்போல் தப்பும் தவறுமாக எழுதுவார். கால்சியம் கொடுத்தால் இன்னும் மோசம். அது தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ஆள் மாதிரி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை செய்யாது, உண்மையான ஆளையும் உட்கார விடாது. இத்தனை பெரிய நொதிகள் இத்தனூண்டு அயனிகளுக்கு ஆடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி.

முதல் குழாயில் வெறும் ஆர்.என்.ஏ. இரண்டாவதில் ஆர்.என்.ஏ., வெட்டும் நொதி, மக்னீசியம். மூன்றாவதில் ஆர்.என்.ஏ.வும் வெட்டும் நொதியும் உண்டு, மக்னீசியம் மட்டும் கிடையாது. அரை மணி நேரம் கழித்து ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, இருட்டறையில் நீல ஒளியில் பார்த்தால், முதலாவதில் ஆர்.என்.ஏ. ஒரு கோடாக ஒளிரும். இரண்டாவதில் சின்னாபின்னமாகி இருக்கும். மூன்றாவது, முதலாவதைப் போலவே முழுசாக இருக்க வேண்டும். ஏனென்றால் அதில் கத்தரிக்கோல் இருக்கிறது, அதைப் பிடிக்கும் கை இல்லை. மகிழிடம் ஒரு பாட்டுப் பாடும் யானை பொம்மை இருந்தது. அந்தப் பாட்டைத் தாங்க முடியாமல் ஒருநாள் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். மூன்றாவது குழாய் அந்த யானை.

பேட்டரி இல்லாத யானை பாடினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இருட்டறையில் நானும் ஜென்சியும் நின்றோம். ஜென்சி எனக்கு அடுத்த மேஜை. எனக்கு ஒரு வருடம் ஜூனியர், ஆனால் வாயில் பத்து வருடம் சீனியர்.

"அக்கா, உங்க மூணாவது லேன் எங்க?"

"அங்கதான் இருக்கணும்."

"இருக்கணும்னா? இல்லையே."

இல்லை. முதல் கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. மூன்றாவது இடத்தில் கீழே கொஞ்சம் புகைபோல ஒரு தீற்றல். பார்த்துக்கொண்டே இருந்தால் அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்குவதுபோல் இருந்தது.

"கை தவறி மக்னீசியம் போட்டிருப்பீங்க" என்றாள் ஜென்சி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். அடுத்த முறை மக்னீசியம் பாட்டிலைப் பக்கத்து அறையிலேயே பூட்டி வைத்துவிட்டுச் செய்தேன். முதலாவது முழுசு, மூன்றாவது புகை. புது நொதி எடுத்தேன். புகை. புது ஆர்.என்.ஏ. எழுதி எடுத்தேன். புகை. பிறகு ஜென்சியை உட்கார வைத்து, அதே நொதி, அதே ஆர்.என்.ஏ., அதே ஐஸ் பெட்டியில் அவளைச் செய்யச் சொன்னேன். அவளுடைய மூன்றாவது குழாய் பூப்போல முழுசாக வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். இப்படி ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். "நீங்க தொட்டாதான் போகுது."

அந்த வாக்கியம் என்னோடு மின்சார ரயிலில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு வரைக்கும் வந்தது.

இங்கே ஒரு ஆய்வக உண்மையைச் சொல்ல வேண்டும். நம் எல்லோருடைய கையிலும் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உண்டு. வியர்வையில், எச்சிலில், கண்ணீரில்கூட. கொதிக்க வைத்தாலும் சாகாதவை. விரல் பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும். அதனால்தான் நாங்கள் கையுறை போடுகிறோம். முதல் வருடம் இதைப் படித்தபோது சுவாரசியமாக இருந்தது. குழந்தை பெற்றபின் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. நான் தொட்டால் போகிறது. கண்ணுக்குத் தெரியாமல், ஓசையில்லாமல், உள்ளேயிருந்து.

அன்று சாயங்காலம் மகிழைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தூக்கியபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குச் சற்று மேலே, யாருமில்லாத இடத்தைப் பார்த்தாள். பார்த்து, தெரிந்தவர் யாரையோ கண்டதுபோல் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். காப்பகத்தின் வெள்ளைச் சுவர். அடுத்த நாளும் அதே இடம், அதே சிரிப்பு. மூன்றாம் நாள் கையைக்கூட ஆட்டினாள்.

(கேட்பவர்கள் எல்லோரும் "குழந்தைங்க அப்படித்தான், பல்லியப் பாத்துச் சிரிக்கும்" என்பார்கள். சுவரில் பல்லி இல்லை. நான் பார்த்தேன். மூலை மூலையாகப் பார்த்தேன்.)

அதன் பிறகு நான் செய்தவற்றை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டு கையுறை, ஒன்றின் மேல் ஒன்று. இரண்டு முகக்கவசம். முடியில் நொதி இருக்குமே என்று, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குளியல் தொப்பி ஒரு கட்டு வாங்கினேன். ரோஸ் நிறம், மஞ்சள் வாத்து போட்டது. சந்தையில் அந்த ஒரு டிசைன்தான் இருந்தது. ஆய்வக வாசலில் அறிவிப்பு ஒட்டினேன்: பேசக்கூடாது, இருமக்கூடாது, தொப்பி இல்லாமல் வரக்கூடாது. ஒருநாள் கதவைத் திறந்த கூரியர்காரர், வாத்துத் தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் என் இரண்டு கண்களை மட்டும் பார்த்துவிட்டு, பார்சலைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். கையெழுத்துகூட வாங்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குழாயைச் செய்தேன். புகை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகிழைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் பிரபு துண்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நித்தி, என்ன இது?"

"எது?"

"கையில."

நீலக் கையுறை. நான் போட்டதுகூட எனக்கு நினைவில்லை.

"சும்மாதான். நகம் படக்கூடாதுன்னு."

"நகத்தத்தான் ஒட்ட வெட்டி வெச்சிருக்கியே." அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எத்தன நாளா இவள வெறுங்கையால தொடல?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாள்.

"நான் தொட்டா எல்லாம் கரையுதுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வாக்கியம் என்று எனக்கே கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. "குழந்த என்ன சக்கரையா கரையறதுக்கு?" என்றார் மெதுவாக. மகிழ் தண்ணீரைத் தட்டிக்கொண்டு, என் இடது தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தாள்.

கமிட்டி நாள் வந்தது.

மூன்று பேர். கைடு ஒருவர். எங்கள் துறைத்தலைவர் ஒருவர், அவர் எந்தக் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்பவர். வெளியிலிருந்து வந்தவர் கோயம்புத்தூர்ப் பேராசிரியை, பத்மாவதி மேடம். ஐம்பத்தைந்து வயது, பருத்திப் புடவை, தலையில் ஒரு முழம் மல்லிகை. பார்த்தாலே ஊசிக்கு நூல் கோர்க்கத் தெரிந்தவர் என்று தோன்றும்.

வாசலில் மூவரையும் நிறுத்தினேன்.

"மன்னிக்கணும் மேடம். தொப்பி."

அவர் ரோஸ் தொப்பியைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மல்லிகையோடு சேர்த்துத் தலையில் மாட்டிக்கொண்டார். கைடு என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தபடி மாட்டிக்கொண்டார். துறைத்தலைவருக்கு நானே மாட்டிவிட்டேன், அவர் அதற்குள் கண்ணை மூடியிருந்தார்.

சோதனையைச் செய்தேன். மேலே ஒரு விமானம் இறங்கியது, குழாய்கள் கிடுகிடுத்தன. அரை மணி காத்து, ஜெல்லில் ஓட்டி, எல்லோரும் இருட்டறைக்குள் போனோம். விளக்கை அணைத்து நீல ஒளியைப் போட்டேன்.

கண்ணாடித் தட்டைச் சுற்றி வாத்துத் தொப்பியில் நாலு தலைகள். கீழிருந்து வந்த ஒளியில் மூக்குகள் நீண்டு, கண்கள் குழியாகி, பற்கள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. நடுவில் முதல் கோடு பளிச்சென்று நின்றது. மூன்றாவது இடத்தில் புகை.

நான் ஒரு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்த தருணம் அது. அழ மாட்டேன் என்று நினைத்திருந்தேன். "என் கைதான் மேடம்" என்றேன். முகக்கவசத்துக்குள் குரல் யாருடையதோபோல் கேட்டது. "நான் தொட்டா போயிடுது. இதையே எங்க லேப் ஜென்சி செஞ்சா சரியா வருது. ஆறு வாரமா எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். என்னால முடியல."

"ஏனம்மிணி," என்றார் பத்மாவதி மேடம் இருட்டிலிருந்து, "மொதல் கொழாயையும் நீதானே தொட்ட?"

"ஆமாங்க மேடம்."

"அது மட்டும் எப்படி முழுசா இருக்குது?"

நான் வாயைத் திறந்தேன். ஆறு வாரமாக இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. மூன்றாவது குழாயை எடுக்கும்போதுதான் எனக்குப் பயம் வரும், பயத்தில்தான் வியர்க்கும் என்பது. நோட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அதை ஒரு பேராசிரியர் முன்னால் உரக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கையில இருக்கற நொதிக்கு மக்னீசியம் வேணுங்களா?"

"வேண்டாம் மேடம். அதுக்கு எந்த அயனியும் வேண்டாம்."

"நீ வெட்டறதுக்குப் போட்ட நொதிக்கு?"

"வேணும்."

"அப்பறம் என்ன? மூணாவது கொழாய ரெண்டாப் பிரி. ஒண்ணுல இ.டி.டி.ஏ. போடு. வெட்டு நின்னுதுன்னா வெட்டுனது உன் கையல்ல. நிக்கலைன்னா உன் கை, இல்ல பேய். பேய்க்கு மக்னீசியம் தேவைப்படாது பாரு."

இ.டி.டி.ஏ. என்பது மிதக்கும் உலோக அயனிகளை எல்லாம் வாரி அணைத்துப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு பொருள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய இருந்தது. என் தலைக்கு நேர் மேலே இருந்த அலமாரியில். ஆறு வாரமும் அங்கேயேதான் இருந்தது. முதுகலை மாணவர்களுக்கு இந்தச் சோதனையை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கைதான் குற்றவாளி என்று அவ்வளவு தீர்மானமாக இருந்ததால் வேறு யாரையும் விசாரிக்கத் தோன்றவில்லை.

புதிதாக ஒரு மூன்றாவது குழாய் செய்து, பாதியில் இ.டி.டி.ஏ. போட்டேன். மறுபடி அரை மணி. மறுபடி இருட்டு, நீல ஒளி, வாத்துகள்.

இ.டி.டி.ஏ. போட்ட பாதியில் கோடு முழுசாக எழுந்து நின்றது. ஆறு வாரத்துக்குப் பிறகு அதை முதன்முறை பார்க்கிறேன். போடாத பாதி, புகை.

"பாத்தியா? உன்ர கை சுத்தம். எங்கிருந்தோ உலோகம் வருது," என்றார் மேடம். "ஜென்சி எந்தத் தண்ணியில செய்யறா?"

வாசலில் நின்ற ஜென்சி, "நான் கம்பெனி பாட்டில் தண்ணி மேடம். என் புராஜெக்ட்ல தராங்க. அக்கா லேப் தண்ணி" என்றாள்.

கைடு தொப்பியோடு திரும்பினார். "லேப் தண்ணியா? நம்ம டிஸ்டில்லேஷன் யூனிட்தான் போர் தண்ணி உப்புல ஹீட்டர் காயில் பழுதாகிக் கெடக்கே. ஆர்.ஓ. மெஷின்லேர்ந்துதானே எடுக்கறோம். அத ரிப்பேர் பண்ணது யாரு?"

ரிப்பேர் பண்ணியது ஏழுமலை அண்ணன். எங்கள் வீட்டு ஆர்.ஓ. பார்க்கிறவர். நான் வேலைக்குத் திரும்பிய வாரம் ஆய்வக மெஷின் பம்ப் நின்றுபோயிருந்தது. சர்வீஸ்காரர்கள் வருவதாகச் சொல்லி வரவில்லை. "எங்க வீட்டு அண்ணா நல்லா பண்ணுவார் சார், நான் கூட்டிட்டு வரேன்" என்று பொறுப்பான மாணவியாக முன்வந்தவள் நான்தான்.

"போன் போடுங்க" என்றார் கைடு. "ஸ்பீக்கர்ல."

போட்டேன். இருட்டறையில் ரிங் போனது.

"ஹலோ மேடம்!" ஏழுமலை அண்ணன் குரல் சுவரில் எல்லாம் மோதியது. "இன்னா, பாப்பா எலும்பு கெட்டியாச்சா?"

துறைத்தலைவர் கண்ணைத் திறந்தார்.

"அண்ணா... அன்னிக்கு லேப் மெஷின்ல என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னததான் மேடம் பண்ணேன். பம்ப் மாத்தினேன். அப்பால வூட்ல போட்ட மாதிரியே மக்னீசியம் உருண்டை கார்ட்ரிஜ் ஒண்ணு மாட்டிக்கீறேன். ஸ்குருவ கொஞ்சம் லூஸ் வுட்டுக்கீறேன், போர் தண்ணி லைட்டா கலக்கும். இன்னா மேடம், ருசியா கீதா?"

"நான் எப்பண்ணா சொன்னேன்?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க! உப்பே இல்லாத தண்ணி குடிச்சா புள்ள எலும்பு கரைஞ்சிடும், சத்து வர மாதிரி வெய்யுங்கண்ணான்னு வூட்ல சொன்னீங்கோ. ரெண்டு நாள் கழிச்சி லேப்ல, அதே மாதிரி வெச்சிடட்டான்னு கேட்டேன். போன் பேசிகினே ஆமாண்ணா, அதே மாதிரின்னீங்கோ."

நினைவு வந்தது. அன்று காப்பகத்திலிருந்து போன். மகிழுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது என்று. ஒரு காதில் காய்ச்சல், மறு காதில் ஏழுமலை அண்ணன். நான் தலையாட்டியிருக்கிறேன். தாய்மார்கள் வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, என் குழந்தையின் எலும்புக்காக நான் கேட்ட மக்னீசியத்தை, ஒரு நல்ல மனிதர் என் ஆராய்ச்சிக்கும் சேர்த்து ஊட்டிவிட்டார். கூடவே வந்த கால்சியம் துண்டு போட்டும், மக்னீசியத்துக்கு நிற்கவாவது இடம் கிடைத்திருக்கிறது.

"அது குடிக்கற தண்ணி இல்லண்ணா" என்றேன் பலவீனமாக.

"தண்ணின்னா குடிக்கத்தானே மேடம்? வேற இன்னாத்துக்கு? லேப்ல எல்லாரும் ஒல்லி ஒல்லியா கீறாங்களேன்னு நானும் நெனச்சேன். எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்லண்ணா."

"பாப்பாவ கேட்டதா சொல்லுங்கோ."

போன் அடங்கியது. முதலில் சிரித்தவர் யார் என்று தெரியவில்லை, இருட்டு. பத்மாவதி மேடம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு தொப்பி குலுங்கி, அதற்குள்ளிருந்து மல்லிகைப் பூ ஒன்று உதிர்ந்து ஜெல்லின் மேல் விழுந்தது. நீல ஒளியில் அது ஒரு பல்போல் இருந்தது.

ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. அறிக்கையில் மேடம் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "மாணவி தன் கையை நம்பலாம். தண்ணீரை நம்பக் கூடாது."

அன்று காப்பகத்துக்குப் போகும் வழியில் கையுறைகளைக் கழற்றினேன். ஆறு வாரத்தில் விரல்கள் வெளுத்து, சுருங்கி, வேறொருத்தியின் விரல்களாகியிருந்தன. அந்த விரல்களால் மகிழின் கன்னத்தைத் தொட்டேன். கரையவில்லை. பிடித்துக் கிள்ளியதில் அழுதாள். அப்படி ஒரு நிம்மதியான அழுகையை நான் கேட்டதில்லை.

இன்று எனக்குப் பட்டம் வந்துவிட்டது. மகிழுக்கு மூன்று வயது. வீட்டில் எது காணாமல் போனாலும், ரிமோட், ஒற்றை சாக்ஸ், டப்பாவில் இருந்த கடைசி அதிரசம், பிரபு சொல்லும் ஒரே வசனம்: "மூணாவது குழாய்ல பாரு." விருந்தாளி வந்தால் முழுக் கதையும் உண்டு. ஏழுமலை அண்ணன் குரலைப் பிரபுவைப்போல யாராலும் பேச முடியாது. ஏழுமலை அண்ணனே ஒருமுறை கேட்டுவிட்டு, "நல்லா பேசறீங்க சார்" என்றார். சாக்லேட் எங்கே என்று கேட்டால் மகிழும் வாயைத் துடைத்துக்கொண்டு "மூணாவது கொழாய்" என்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆய்வேடு எழுதும்போது பழைய நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது குழாய் முதன்முதலில் புகையான பக்கம். தேதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. ஏழுமலை அண்ணன் ஆய்வகத்துக்கு வந்து மெஷினில் மக்னீசியம் போட்டது வியாழக்கிழமை. ரசீது அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

தேதியைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். நான்கு முறை சரிபார்த்தேன். தப்பில்லை. செவ்வாயன்று ஆய்வக மெஷினில் தண்ணீரே கிடையாது, பம்ப் நின்றுபோயிருந்தது. அதனால்தானே அவரைக் கூப்பிட்டேன். அன்று என்ன தண்ணீர் என்பதையும் கடமை தவறாமல் எழுதி வைத்திருக்கிறேன்: ஜென்சியிடம் கடன் வாங்கிய கம்பெனி பாட்டில். உப்பில்லை, உலோகமில்லை. அன்றைய ஜெல்லின் படமும் ஒட்டியிருக்கிறது. முதல் கோடு பளிச்சென்று இருக்கிறது. மூன்றாவது இடத்தில் புகை.

கை தவறி மக்னீசியம் போட்டிருப்பேன். ஜென்சி அன்றே சொன்னாளே. அப்படித்தான் இருக்கும்.

மகிழ் இப்போதும் சில சாயங்காலங்களில் விளையாட்டை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்துச் சிரிப்பாள். "அதே ஆள்" என்பதுபோல் எனக்குக் கண்ணைக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். இடது தோளுக்கு மேலே மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.